கருவிழியின் வரப்பில் ஒரு நாற்றங்கால்

1

அங்கே என்ன வேலை என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: தோல் வளர்க்கிறேன்.

கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தோல் பதனிடும் தொழிற்சாலை என்று முடிவு செய்துகொண்டு, அதற்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா, ஆம்பூரிலேயே கிடைக்குமே என்று எனக்காக வருத்தப்படுவார்கள். நான் வளர்ப்பது மனிதத் தோல். தீக்காயம் பட்டு உடம்பில் பாதி வெந்துபோனவர்களிடம், நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தபால் தலை அளவு தோலை டாக்டர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். நாங்கள் அதைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் விதைத்து, இளஞ்சிவப்பான ஒரு சத்துநீரை ஊற்றி வைப்போம். சில வாரங்களில் அது பரவி, முதுகையே மூடும் அளவுக்குத் தோலாக வந்து நிற்கும். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருக்கும்.

இந்த வித்தையைச் செய்வது தோலில் உள்ள எல்லா அணுக்களும் அல்ல. பெரும்பாலானவை பிறந்து, உழைத்து, உதிர்ந்துபோகிறவை. அடியில் மிகக் கொஞ்சமாக ஒரு வகை உண்டு. அவைதான் தாங்களும் இருந்துகொண்டு, புதிதாகவும் ஈன்றுகொண்டே இருக்கின்றன. இங்கே ஸ்டெம் செல் என்கிறார்கள். நான் குருத்தணு என்று சொல்லிக்கொள்கிறேன். வாழையை வெட்டிய மறுநாள் நடுவிலிருந்து குருத்து எட்டிப்பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அணுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அன்றைக்கும் யாராவது போய் அவற்றுக்குத் தீனி மாற்ற வேண்டும். இந்த ஊரில் ஞாயிறு என்றால் பேருந்துகூடத் தூங்கிவிடும். நான் குளிரில் நடந்து போவேன். என் மகள் ஆர்த்திக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறவள். கம்பளிக்குள்ளிருந்தபடியே, உன் மற்ற பிள்ளைகளுக்குச் சோறூட்டப் போகிறாயா என்பாள்.

இன்று போகி. இங்கே அது வெறும் வேலைநாள். காலையில் கிளம்புமுன் ஊருக்குப் போன் செய்தேன். அதில் கேட்ட ஒன்று என்னை நாள் முழுக்க ஓரிடத்தில் உட்கார விடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் பழைய பொங்கல் ஒன்றிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

2

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். நானும் அண்ணன் மோகனும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா ஓய்வு பெற்றதும் முத்தாபுதுப்பேட்டையில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினான். முடியிழை கனத்துக்கு இரும்பைச் சீவுகிற கை அவனுக்கு. அண்ணி கன்னியம்மாள் திருவேற்காட்டுப் பக்கம் நிலபுலன் பார்த்த பழைய குடும்பத்துப் பெண்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிரம் வெளியே வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிகொதியென்று கொதித்துப் புகையும். கொஞ்சம் நீலம், கொஞ்சம் உப்பு போட்டு, ஆறவிட்டு, மட்டையால் சுவரில் அடிப்பார்கள். அந்த வருடம் அண்ணன் டிரம்முக்கு மேலே குனிந்து கழியால் கிளறிக்கொண்டிருந்தபோது வேகாமல் கிடந்த கட்டி ஒன்று வெடித்து, கொதிக்கும் சுண்ணாம்பு முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணிலும் விழுந்தது.

பக்கத்து வீட்டார் குடத்தோடு ஓடிவந்திருக்கிறார்கள். அண்ணி இரண்டு கையையும் விரித்துத் தடுத்துவிட்டாள். தண்ணி பட்டால் கண்ணுக்குள்ளேயே கொதித்துவிடும் என்றாள். அவள் பிறந்ததிலிருந்து சுண்ணாம்பைப் பார்த்தவள். ஒரு நிமிடம் முன்புதான் அதே சுண்ணாம்பு தண்ணீர் பட்டுக் கொதித்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால் ஒருவரும் மறுக்கவில்லை, குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்போது கைக்குழந்தை ரேவதிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி, கண்நோவுக்குத் தன் வீட்டில் செய்வதுபோலத் தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டாள். துணியைக் கட்டி, வண்டி பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சுண்ணாம்பு தன் வேலையை முடித்திருந்தது. கண்ணில் இருக்கும் வரைக்கும் அது அரித்துக்கொண்டேதான் இருக்கும். நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஒன்றே வழி.

நான் அன்று கல்லூரிக்குப் போயிருந்தேன். மாலை ரயிலில் வந்து இறங்கியபோது வீடு பூட்டிக் கிடந்தது.

டாக்டர் ஒரே ஒரு முறை, எல்லோர் முன்னாலும் சொன்னார்: தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒரு கண்ணாவது தப்பியிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, அண்ணியும் வாய் திறக்கவில்லை. சுண்ணாம்பு வீட்டுப்படி ஏறவில்லை. பொங்கலுக்குச் சுவருக்குக் கடையில் விற்கும் டிஸ்டெம்பர் பவுடர்தான். இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அந்த மௌனத்தைப் பார்க்கச் சகிக்காது.

வலது கண் சுருங்கிப்போனது. இடது கண்ணுக்கு, யாரோ ஒரு புண்ணியவான் தானம் செய்துவிட்டுப்போன கருவிழியை வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் பார்வை இருந்தது. ரேவதிக்கு முளைத்த முதல் பல்லைப் பார்த்தான். பிறகு சிவந்த நரம்புகளோடு ஒரு வெள்ளைச் சவ்வு மெதுவாக ஏறி மூடிவிட்டது. ஒட்டவில்லை என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. விதி என்று விட்டுவிட்டோம்.

லேத் போயிற்று. ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் ஒன்று கிடைத்தது. ஆவடி ஸ்டேஷன் பக்கம், விரலால் தடவி எண்ணை அழுத்திக்கொண்டு, குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவான். வருகிறவர்களை அவன் கிண்டல் செய்வதைக் கேட்கவே சிலர் போன் பேச வருவார்கள் என்று அப்பா சொல்வார். எனக்குக் கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்த பிறகு, ஞாயிறுதோறும் அந்த பூத்துக்குத்தான் போன் செய்வேன். ஆர்த்திக்கு மாமா என்றால் ஒரு குரல், அவ்வளவுதான்.

3

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் வெளியிலிருந்து யாராவது வந்து தங்கள் வேலையைப் பற்றிச் சொல்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு கண் மருத்துவர் வந்தார். என் ஜெர்மன் அப்போது அரைகுறை. வேகமாகப் பேசினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன். ஆனால் அவர் திரையில் போட்ட முதல் படத்தைப் பார்த்ததும் எனக்கு மொழி தேவைப்படவில்லை. வெள்ளைச் சவ்வு, அதன்மேல் சிவந்த நரம்புகள். அது அண்ணனுடைய கண்.

அவர் சொன்னது இது. கருவிழியின் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. புது அணுக்கள் கருவிழியில் பிறப்பதில்லை. கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரத்தில், வளையமாக, வரப்புப்போல ஓரிடம் இருக்கிறது. குருத்தணுக்கள் குடியிருப்பது அங்கேதான். அங்கிருந்து பிறந்துதான் நடுவுக்கு நகர்கின்றன. சுண்ணாம்போ அமிலமோ அந்த வரப்பைச் சுட்டுவிட்டால் வரத்து நின்றுபோகிறது. வெள்ளைப் பகுதியின் தோல் நரம்புகளோடு ஏறிவந்து மூடுகிறது. புதிதாக எத்தனை கருவிழி வைத்தாலும் இதே கதிதான்.

நாற்றங்கால் வெந்துபோன பிறகு வயலை எத்தனை முறை உழுது என்ன பயன்? நடுவதற்கு நாற்று ஏது? களைதான் ஏறும். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் விதி என்று நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்கு ஓர் இடம் இருந்தது, அது நகக்கண் அகலம்கூட இல்லை. நான் எழுந்து நின்று, "அப்போ அந்த ஓரத்தை வேற கண்ணுலேர்ந்து எடுத்து நட முடியுமா?" என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டது தமிழில் என்று பிறகுதான் உறைத்தது.

ஜெர்மனில் மறுபடி கேட்டேன். முடியும் என்றார். ஒரு கண் நன்றாக இருப்பவருக்கு அந்தக் கண்ணிலிருந்தே எடுக்கலாம். இரண்டும் போனவருக்கு உடன்பிறந்தவர் கொடுக்கலாம், பொருந்தினால். சில இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள், சிலருக்குப் பிடித்திருக்கிறது, சிலருக்கு இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை. உடன்பிறந்தவர் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

4

ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை, மறுநாளே பூத்துக்கு அடித்தேன். நான் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் அண்ணன் கேட்டுக்கொண்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான், உன் கண்ணுக்கு என்ன ஆகும் என்று. ஒன்றும் ஆகாது, சின்னத் துண்டுதான், ஆறிவிடும் என்றேன்.

"ஒரு ஊட்ல ரெண்டு கண்ணு போனது பத்தாதா? மூணாவது கண்ணையும் நோண்ட சொல்றியா? வேணாம்மா, உட்டுடு."

யாரோ வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று வைத்துவிட்டான். வந்திருக்க மாட்டார். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. சந்தோஷமான செய்தியைச் சொல்லப்போய் கதவில் முட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கூடத்துக்கே ஒரு போன் வந்தது. அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம், அண்ணி பூத்திலிருந்து பேசினாள். அவளாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"கெடுத்தது நானு, சுமதி. என் கண்ணுலேர்ந்து எடுக்க சொல்லு. ரெண்டுத்தையும் எடுத்துகினாலும் சரி."

பத்து வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாததை அவள் ஜெர்மனிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்நியர் நாற்றை உடம்பு பிடுங்கி எறியப் பார்க்கும், உடன்பிறந்தவர்களுடையது என்றால் பொருந்த வாய்ப்பு அதிகம், அதனால் என்னுடையதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். ரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் செய்யச் சொல்கிறேன், உங்களுக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

"அப்ப நீ கெளம்பி வா. அவர நான் இஸ்துகினு வரேன்."

கிளம்புவது அவ்வளவு சுலபமா? என் வசிப்பு அனுமதி முடியும் தறுவாயில் இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த அம்மாள், எதற்காக இத்தனை வாரம் என்று கேட்டார். கண்ணின் ஓரத்தைக் கொடுக்கப் போகிறேன் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், என் கண்ணை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். இருவருக்கும் தாளில் கண் வரைந்து பாடமே எடுத்தேன். கடைசியில் மேலதிகாரி வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார். இந்த நாட்டில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான்.

5

கோடை விடுமுறையில் ஆர்த்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் கண் மருத்துவர் கொடுத்த கட்டுரைகளின் ஜெராக்ஸ் கட்டு. மெட்ராஸ் டாக்டருக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற மிதப்பு எனக்கு இருந்தது, மறைப்பானேன். அவர் என் கட்டைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்தார், அதே கட்டுரைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. தானே சிலருக்குச் செய்திருப்பதாகவும், கொடுக்க ஆள் வருவதுதான் அரிது என்றும் சொன்னார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பரிசோதனையில் அண்ணிக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அண்ணி ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அப்போதும் இறங்கி வரவில்லை. டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், அப்பா சொன்னார். உன் கண்ணில் கத்தி படக் கூடாது என்ற ஒரே பாட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. நர்ஸிடம் நகவெட்டி வாங்கி என் கட்டைவிரல் நகத்தை வெட்டினேன். பிறைபோல விழுந்த துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, தொட்டுப் பார், இந்த அளவில் இரண்டு துண்டு, அதற்கு மேல் ஒரு நூல்கூட எடுக்க மாட்டார்கள் என்றேன். லேத் ஓட்டிய விரல் அது. நுனியால் அளந்து பார்த்தான், புரட்டிப் பார்த்தான்.

"இத்துனூண்டுக்கா இவ்ளோ அலப்பற பண்ணிகினு இருந்தேன்?"

அண்ணி அன்றுதான் கொஞ்சம் சிரித்தாள்.

ஆபரேஷனுக்குப் படுத்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எத்தனையோ பேரின் தோல் என் தட்டில் விழுந்திருக்கிறது. நானே தட்டுக்குப் போகிற முறை இப்போதுதான் வந்தது. மரத்துப்போன கண்ணுக்கு மேலே விளக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து மேசையில் அண்ணனுக்குச் சவ்வை உரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடியில் அந்தப் பழைய தானக் கருவிழி, முழுக்கத் தெளிவாக இல்லாவிட்டாலும், பாழாகிவிடவில்லை என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. முகம் தெரியாத அந்தப் புண்ணியவானுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

6

நான் திரும்பும் நாளிலும் அண்ணனுக்குக் கண் வீங்கித்தான் இருந்தது. வெளிச்சம் தெரிகிறது என்றான். அது முன்பும் தெரிந்ததுதானே. உடம்பு என் நாற்றைத் தள்ளிவிடாமலிருக்க அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்படியும் எத்தனை காலம் நிற்கும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். என் கண் ஆறும்வரை வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்து கிடந்தது. இங்கே வந்து இறங்கியதும் விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆர்த்தி முன்னால் வந்து, அம்மா மாமாவுக்குக் கண் கொடுத்தாள் என்று தானாகவே அவரிடம் ஜெர்மனில் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பரீட்சை முடிவு கேட்பதுபோல போன். முதலில் உறுத்தல் நின்றது என்றான். பிறகு நீர் வடிவது நின்றது. சில வாரங்கள் வேறு ஒன்றும் இல்லை. எனக்கு நம்பிக்கை வற்றத் தொடங்கியது. தட்டில் விதைத்தது பரவாமல் போன நாட்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு ஞாயிறு, பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"சுமதி, இரு. மீட்டர்ல செவப்பா ஒண்ணு ஓடுது."

பூத்தில் பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கட்டணம் காட்டும் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துவிட்டான். நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் இடித்தார். இடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குருத்தணு நகர்ந்துவிட்டது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் எண்களை வாசித்தான், சில்லறையைப் பார்த்து எண்ணினான், ஒருநாள் ரேவதியின் முகத்தைப் பார்த்து, பல் வரிசை முழுக்க வந்துவிட்டதே என்றானாம். மங்கல்தான், கண்ணாடி போட்டும் முழுக்கத் தெளிவில்லைதான். டாக்டர் வருடத்துக்கு வருடம் பார்ப்போம் என்கிறார். பார்க்கலாம்.

எனக்கு விசித்திரமாக இருப்பது வேறு. அவன் கண்ணில் தினமும் புதிதாகப் பிறப்பவை என் அணுக்கள். நான் இங்கே அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளுகிறேன். என்னில் ஒரு துண்டு எந்த முத்திரையும் கேட்காமல் ஆவடியில் குடியேறிப் பெருகிக்கொண்டிருக்கிறது.

7

இன்று காலை பூத்துக்கு அடித்தபோது எடுத்தது அண்ணி. அண்ணன் எங்கே என்றேன். வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான் என்றாள். டிஸ்டெம்பரா என்றேன்.

"இல்ல. சுண்ணாம்பு."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டா, நீங்கள் எப்படி விட்டீர்கள் என்று கத்தினேன். ஆர்த்தி காலை உணவை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அண்ணி என்னைக் கத்தவிட்டு, பிறகு நிதானமாகச் சொன்னாள். நேற்று அண்ணனே போய் கிளிஞ்சல் வாங்கிவந்தானாம். பழைய லேத் பட்டறையிலிருந்து முகத்தோடு ஒட்டுகிற கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டானாம். நீளமான கழி எடுத்துக்கொண்டு டிரம்முக்கு எட்டவே நின்றானாம்.

"வேணாம்னு கையப் புட்ச்சிகினேன், சுமதி. அதுக்கு அவரு, 'நீ ரெண்டு கொடம் தண்ணி ரொப்பிகினு வந்து என் பக்கத்துல நில்லு. நீ நின்னா எனக்கு பயமில்ல'ன்னாரு."

பத்து வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டில் யாரும் பேச்சில்கூடத் தொடாத தண்ணீர் அது. ஆர்த்தி என் கையைப் பிடித்து, தமிழில், "என்னாச்சும்மா?" என்று கேட்டாள். என் கத்தி படாத கண், துண்டு கொடுத்த கண் இரண்டிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. நின்றீர்களா அண்ணி என்று கேட்டேன்.

"நின்னேன். சுண்ணாம்பு கொதிச்சி அடங்கற வரைக்கும் கொடத்த கீழ வைக்கல. ஒரு சொட்டு தண்ணிகூட தேவப்படல. இன்னைக்கு விடிகாலைல அந்தத் தண்ணியத்தான் வாசல்ல தெளிச்சி கோலம் போட்டேன்."